ரெண்டாம் சாக்கில் நின்றவன்

அன்புள்ள சேகர்,

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. திறந்தேதான் உன்னிடம் வரும். இதைப் படிக்க வேண்டியவர்கள் இரண்டு பேர். முதலில் நீ. நீ படித்து முடித்ததும் உன் கையாலேயே வெள்ளையனிடம் கொடுக்க வேண்டும். மலைக்கு வந்துபோகும் ஜீப்பின் டிரைவர் நாளை டயர் வாங்க வேலூர் வரை போகிறார். நீ தங்கியிருக்கும் வெள்ளையனின் அறைக்கே வந்து உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நாளை மறுநாள் காலை போலீஸ் தேர்வில் உனக்கு ஓட்டம். அதற்கு முன் இது உன்னிடம் வந்துவிட வேண்டும். மழை பெய்து மலைப்பாதை வளைவில் மண் சரிந்துவிட்டால்? டிரைவர் மறந்து இதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிட்டால்? நீ பஸ் ஏறியதிலிருந்து இப்படி ஒன்று மாற்றி ஒன்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ போனபிறகு உன் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைக்கலாம் என்று திறந்தேன். மூடியின் உள்பக்கத் துணிப்பையில் உன் ஊசி அட்டை இருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் கம்பவுண்டரின் கிறுக்கல் கையெழுத்து. கடைசி ஐந்து கட்டங்கள் வெறுமையாக இருந்தன. ஐந்து முறையும் நான் கேட்டேன், ஐந்து முறையும் நீ செருப்பைக் கழற்றிக்கொண்டே "போட்டுட்டேம்மா" என்று சொன்னாய். உன் முகத்தைப் பார்த்து நம்பினேன். உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பொய் சொல்ல உனக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். அதற்கும் வருகிறேன்.

போன மாசம் ஒரு நாள் சாப்பிடும்போது நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. "வெள்ளையன் போலீஸ்ல சேர்ந்து ஒரு வருஷம் ஆவப்போவுது. கூடப் படிச்சவன். நீ இன்னும் ரேடியோ ரிப்பேர் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்க" என்றேன். நீ தட்டிலிருந்து தலை நிமிராமல், "நானும் எழுதிப் போட்டிருக்கேன், வரச் சொன்னா போறேன்" என்றாய். போலீஸ் வேலைக்கு என்று நீ சொல்லவில்லை, எதற்கு என்று நான் கேட்கவுமில்லை. வரச்சொல்லிக் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் கடிதத்தில் ஓட்டம் முதலில், டாக்டர் பரிசோதனை பிறகு என்று போட்டிருந்ததைப் படித்ததும், உன்னால் ஓட முடியுமா என்று உன் அப்பாவிடம் கேட்டேன். உன் அப்பா, "எட்டு வருஷமாச்சு, சரியாப் போயிருக்கும். ஆபீசுல நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன் வேற" என்றார். நானும் அரைமனதாகத் தலையாட்டினேன். அட்டையை அப்போது பார்த்திருக்கவில்லை.

இதையெல்லாம் புரியும்படி சொல்ல வேண்டுமென்றால் நீ எட்டாவது படித்த வருஷத்துக்குப் போக வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்கு எழுதுகிறேன். வெள்ளையனுக்குப் பாதிதான் தெரியும். உனக்குத் தெரியாததும் இதில் ஒன்று இருக்கிறது.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. மெட்ராசில் பயிற்சி முடித்த கையோடு ஒரு டிரில் மாஸ்டர் நம் மலைப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். கிரிக்கெட்டுக்குச் சமதரை வேண்டும், நம்மிடம் அது கிடையாது. அதனால் பயிற்சிப் பள்ளியில் கற்ற பேஸ்பாலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆசாரி செதுக்கிக் கொடுத்த ஒரு மட்டை, மெட்ராசிலிருந்து கொண்டுவந்த இரண்டு பந்து. தரையில் நான்கு மூலை. அடித்தவன் மூலை மூலையாக ஓடிச் சுற்றி, அடித்த இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். மூலைகளில் போடப் பழைய கேழ்வரகுச் சாக்குகளில் மணல் நிரப்பினீர்கள். அதனால் பேஸ் என்ற பேரே போய் முதல் சாக்கு, ரெண்டாம் சாக்கு, மூணாம் சாக்கு என்று ஆயிற்று. அடித்த அடியில் நிற்காமல் இரண்டாவது மூலை வரை போய்விட்டால் 'ரெண்டு சாக்கு', மூன்றாவது வரை போய்விட்டால் 'மூணு சாக்கு'. முதல் இரண்டும் சமதரை. மூணாம் சாக்கு மட்டும் பாறை மேட்டில். ரெண்டிலிருந்து மூணுக்கு ஏறித்தான் ஓட வேண்டும். மாஸ்டர் என்னிடம், "டீச்சர், நீங்க பி.எஸ்ஸி. மேத்ஸ். ஸ்கோர் நீங்கதான் எழுதணும்" என்று ஒரு நீள நோட்டைக் கொடுத்தார். மகன் ஆடுவதைப் பார்க்க அது ஒரு சாக்குப்போக்காக இருந்தது. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

நீ அடித்த அடிகள் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கின்றன. பந்து உண்ணிச்செடிப் புதரைத் தாண்டிப் போகும். நீ முதல் சாக்கைத் தொட்டு, ரெண்டாம் சாக்கைத் தொட்டு, அங்கே நின்றுவிடுவாய். குனிந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொள்வாய். அடுத்து மட்டை பிடிப்பவன் வெள்ளையன். அவன் தூரமாக அடித்துவிட்டால் நீ அவசரமே படாமல் மேட்டைச் சுற்றி ஏறி மூணாம் சாக்கைத் தொட்டு, நடந்தே வந்து சேருவாய். பிள்ளைகள் கத்துவார்கள்: "பார்ரா, பொண்ணு வூட்டுக்கு மாப்ள வர்றாரு." வெள்ளையன் உன் பின்னாலேயே ஓடி வந்து, "சீக்கிரம் போ மாப்ள, பின்னாடி தாலி எடுத்துக்கினு நான் வர்றேன்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய், வாயைத் திறக்காமல்.

அரைப்பரீட்சைக்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். பதினான்கு ஆட்டம். 'ரெண்டு சாக்கு' என்ற பத்தியில் உனக்குப் பதினொன்று. அடுத்தபடியாக வெள்ளையனுக்கு ஐந்து. மற்றவர்களுக்கு மூன்று, இரண்டு, ஒன்று. உன்னில் பாதிகூட ஒருவருக்கும் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆசிரியர் அறையில் நோட்டை விரித்து எல்லாருக்கும் காட்டினேன். டிரில் மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், பக்கத்துப் பத்தியையும் பாருங்க" என்றார். 'மூணு சாக்கு' பத்தி. வெள்ளையனுக்கு நான்கு. இன்னும் இரண்டு பேருக்கு இரண்டிரண்டு. பந்தைத் தொடவே பயப்படும் ஒரு பொடியனுக்குக்கூட ஒன்று இருந்தது. உனக்கு ஒன்றுமில்லை. "இவன் அடிக்கிற அடிக்கு இதுல பாதி மூணு சாக்கு ஆகியிருக்கணும். பந்து காட்டுக்குள்ள கிடக்குது, இவன் ரெண்டாம் சாக்குல நின்னு வேடிக்கை பாக்கிறான். கொஞ்சம் சோம்பேறிங்க உங்க பையன்" என்றார். நல்ல மனுஷர்தான், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

பதினொன்று, பூஜ்யம். கணக்குப் படித்தவள் நான். ஒருவனுக்கு மட்டும் எண்ணிக்கை இப்படி ஒரே இடத்தில் போய்த் தேங்கி நின்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்கிறது என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரணம் தேடினேன், சுலபமானது ஒன்று கையிலேயே இருந்தது. நாம் கீழே சந்தவாசலிலிருந்து மேலே வந்தவர்கள். மற்றவர்கள் மலையிலேயே பிறந்து மேட்டில் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள். மேடு அவர்களுக்குத் தரை, உனக்கு மேடு. இவ்வளவுதான் விஷயம், பழகினால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டினேன். அந்த வாரமே வெள்ளையனின் அம்மா காளியம்மா, நமக்குப் புளி கொண்டுவந்து கொட்டியவள், பயிற்சி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

"டீச்சரம்மா, உங்க புள்ளைக்கு ஒடம்பு இன்னா?"

"ஒண்ணுமில்லையே காளியம்மா. ஏன்?"

"நிக்கும்போது பாருங்க. தோளு ரெண்டும் மேல போயிட்டு மேல போயிட்டு வருது. எங்கூட்டுப் பையன் அவ்ளோ தூரம் ஓடியாந்து கத்திக்கினு கெடக்கறான். இது வாயே தொறக்க மாட்டேங்குது."

"கீழ்நாட்டுப் புள்ள இல்லையா, மேடு பழக்கமில்ல" என்றேன்.

"ரெண்டாம் சாக்குக்கு ஏது மேடு" என்றாள் அவள். நான் பேனாவை மூடிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். 

அடுத்த சனிக்கிழமை புதூர்நாட்டுப் பள்ளிக்கூடத்தோடு ஆட்டம். காலையில் உனக்குச் சாமைக் கஞ்சி ஊற்றிவிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் அந்த நோட்டைத் திறந்து வைத்தேன். "இங்க பாரு. இது வெள்ளையன். இது நீ. இதுல உன்னைவிட ஒருத்தன் கிடையாது. இதுல உனக்குக் கீழ ஒருத்தன் கிடையாது. ஏன் நிக்கிற?" நீ அந்தப் பூஜ்யத்தை விரலால் தொட்டாய். "அங்க நின்னா போதும்னு தோணுதும்மா" என்றாய். ஒரு பதின்மூன்று வயதுப் பையனுக்குத் தன் உடம்பைப் பற்றி அவ்வளவுதான் சொல்லத் தெரியும். அது போதுமானதாகவும் இருந்தது, கேட்கத் தெரிந்தவளுக்கு. நான் சொன்னேன்: "போதும்னு நீயே முடிவு பண்ணிக்குவியா? மாஸ்டர் உன்னைச் சோம்பேறின்னு சொல்றாரு. எனக்கு எப்படி இருக்கும்?"

அன்றைக்கு நீ அடித்த பந்து சாமைக் கொல்லைக்குள் உருண்டு போயிற்று. புதூர்நாட்டுப் பையன்கள் மூன்று பேர் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நீ ரெண்டாம் சாக்குக்கு வந்தாய், வழக்கம்போல நின்றாய், வழக்கமில்லாமல் திரும்பி என்னைப் பார்த்தாய். நான் எழுந்து நின்று, எல்லாருக்கும் தெரியும்படி கையைத் தூக்கி, மூன்று விரலைக் காட்டினேன்.

நீ ஓடினாய். மேட்டில் பாதி தூரத்தில் உன் ஓட்டம் தடுமாறியது. கடைசி நான்கு அடி நடை. சாக்கின் மேல் விழுந்ததுபோல் உட்கார்ந்தாய். எல்லாரும் கை தட்டினார்கள். சேகர், உனக்குத் தெரியாதது இதுதான், உன் அப்பாவிடம்கூட நான் சொல்லாதது: நான் முதலில் குனிந்து நோட்டில் உன் பேருக்கு நேரே 3 என்று எழுதினேன். எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டேன். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தேன். அதற்குள் கைதட்டல் நின்றுபோயிருந்தது. உன் உதடு நாவல்பழம் தின்றவன் உதடுபோல் இருந்தது. நீ இருமியபோது வந்த நுரையில் ரோஜா நிறம். வெள்ளையன் உன்னை முதுகில் போட்டுக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினான். ஜீப்பில் காளியம்மா உன் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.  அவள் என்னைத் திட்டியாவது இருக்கலாம்.

வேலூரில் டாக்டர் உன் நெஞ்சில் வெகுநேரம் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "மூணு நாலு வருஷம் முன்னாடி தொண்டை வலி, ஜுரம், அப்புறம் முழங்கால் வீக்கம் வந்துச்சா? ஒரு மூட்டு சரியானதும் இன்னொரு மூட்டுக்கு மாறிச்சா?" வந்தது. உனக்குப் பத்து வயசு. வளர்கிற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும் என்று நொச்சி இலை வேகவைத்து ஒத்தடம் கொடுத்தேன். வலி போய்விட்டது, மறந்தும் போனேன். அந்த ஜுரம்தான் உள்ளே இதயத்தின் வால்வைக் கடித்துவிட்டுப் போயிருக்கிறது என்றார். அந்த வால்வுக் கதவு சுருங்கிவிட்டால் ரத்தம் முன்னால் போக முடியாமல் நுரையீரலில் தேங்கும், அதிகமாக ஓடினால் மூச்சு முட்டும். "மூணு வாரத்துக்கு ஒரு ஊசி, ஒண்ணுகூட விடக்கூடாது. விட்டா அந்த ஜுரம் திரும்ப வந்து மிச்சத்தையும் கெடுக்கும். ஓட்டம் கூடவே கூடாது. பிற்பாடு ஆபரேஷன் தேவைப்படலாம்." பிறகு உன் பக்கம் திரும்பி, "இத்தனை நாள் எப்படிடா ஆடின?" என்று கேட்டார். நீ, "ரெண்டுல நின்னுக்குவேன் சார்" என்றாய். அவர் என்னைப் பார்த்து, "பையன் கெட்டிக்காரன்" என்றார். அந்த அறையில் எனக்கு நிற்க இடமில்லை.

மலைக்குத் திரும்பியதும் நான் செய்த வேலை இன்னொன்று. கேட்டவர்களுக்கெல்லாம் நிமோனியா என்றேன். இதயம் என்று சொன்னால் நாளைக்கு யார் வேலை கொடுப்பார்கள், யார் பெண் கொடுப்பார்கள் என்று ஒரு பயம். உன்னையும் அப்படியே சொல்ல வைத்தேன். வெள்ளையனிடம்கூட. ஊசிக்குப் போகும்போது அவன் கேட்டால் சத்து ஊசி என்று சொல்லச் சொன்னேன். பொய்யை நான் உன் வாயில் ஊட்டினேன். இப்போது அது வளர்ந்து எனக்கே "போட்டுட்டேம்மா" என்று பதில் சொல்கிறது. நாளை மறுநாள் வெள்ளையன் மைதானத்தின் ஓரத்தில் உன்னோடு கூடவே ஓடிவந்து "வுடாத, ஓடு மாப்ள" என்று கத்துவான். அவனுக்கு வேறென்ன தெரியும்? உன்மேல் இருக்கும் பிரியத்தில் கத்துவான். மூன்று விரல் காட்டிய நானும் பிரியத்தில்தான் காட்டினேன். 

சாயங்காலம் அந்த நீள நோட்டைப் பரணிலிருந்து எடுத்தேன். இத்தனை வருஷம் அதைத் திறக்கத் துணிவில்லை. வட்டம் போட்ட 3 அப்படியே இருக்கிறது. அதைத் தாண்டி முன்பக்கங்களுக்குப் போய், அன்றைக்கு நான் கூட்டாத ஒன்றை இன்று கூட்டினேன். ரெண்டாம் சாக்கில் நின்ற பதினோரு தடவையில் நீ எத்தனை தடவை சுற்றி வந்து சேர்ந்தாய் என்று. ஒன்பது. மூணாம் சாக்கு வரை ஓடிய மற்ற பையன்களில் பாதிப்பேர் அடுத்ததற்கு அவசரப்பட்டு நடுவிலேயே ஆட்டம் இழந்திருக்கிறார்கள். நம் அணி எடுத்த ரன்னில் உன்னுடையதுதான் அதிகம். பத்துப் பிள்ளைகளோடு உன்னை ஒப்பிட்டேன், எந்தப் பத்தியை ஒப்பிட வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை எனக்கு.

வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அது அவ்வளவு சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். உன் வயதுப் பையன்கள் காக்கிச் சட்டையோடு ஊருக்கு வரும்போது நீ சால்டரிங் புகையில் குனிந்து உட்கார்ந்திருப்பது உனக்கு எப்படி இருக்கும் என்பதும் தெரியும். உன் அப்பா இரண்டு நாள் பேசாமல் இருப்பார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஊசி அட்டையை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் காலை மைதானத்துக்குப் போகாதே. வெள்ளையனைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கு உன்னைக் கொண்டுபோன அந்த ஆஸ்பத்திரிக்குப் போ. ஐந்து கட்டம் விட்டுப்போச்சு என்று மறைக்காமல் சொல். வெள்ளையா, நீ இதைப் படிக்கும்போது உனக்குக் கோபம் வரும், நியாயம்தான். கோபத்தை என்மேல் வைத்துக்கொள். அவனை முன்பு ஒருமுறை தூக்கிக்கொண்டு இறங்கினாய். இந்த முறை ஏறவே விடாதே.

நானே கிளம்பி வந்து உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் முதலில் புடவை மாற்றினேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். நான் வந்து நின்றால் நீ என் முகத்தைப் பார்ப்பாய். போகாதே என்று நான் வாயால் சொன்னாலும், வெள்ளையனைப் பார் என்று போன மாசம் சொன்னவளின் முகம்தான் உனக்குத் தெரியும். நீ ஓடிவிடுவாய். அதனால் வரவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடாதே. பதினோரு தடவை நீ என் பக்கம் திரும்பாமல் நின்றாய். பதினோரு தடவையும் சரியான இடத்தில்தான் நின்றாய்.

அம்மா